மூன்று ஆறான நாள்

ஆவணி பிறந்தால் எங்கள் அச்சகத்தில்
அடுத்த வருஷம் தொடங்கிவிடும்.
தெற்கு வெளி வீதி, மாடியில் ஓர் அறை,
ஒரே மின்விசிறிக்கு அடியில் நான்கு சபைகள்.

"அக்கா, இது கர்த்தரா ஆண்டவரா?"
திரையைப் பார்த்தபடியே கேட்பான் சிக்கந்தர்.
ஞானஒளிவுபுரத்துக் கோப்பு என்றால் ஆண்டவர்,
நரிமேட்டுக்குக் கர்த்தர்.
அங்கே தூய ஆவி, இங்கே பரிசுத்த ஆவி.
அவர்களுக்குத் திருப்பாடல், இவர்களுக்குச் சங்கீதம்.
அதிலும் பழைய கணக்கு ஒன்று உண்டு,
ஒன்பதைத் தாண்டியதும் ஓர் எண் பின்தங்கியே நடக்கும்:
மேய்ப்பன் வருவது இவர்களுக்கு இருபத்து மூன்றில்,
அந்தக் கணக்கில், அடைப்புக்குறிக்குள், இருபத்திரண்டில்.
லுத்தரன்காரர்களுக்குக் காலையில் ஒரு வரி, மாலையில் ஒரு வரி.
வில்லாபுரம் ஜெபவீட்டுக்குப் பட்டியலே கிடையாது.
நாளுக்கொரு வாக்குத்தத்தம், தடித்த எழுத்தில்,
வீடு, வேலை, விசா, குழந்தை
எதற்கும் பொருந்துகிற அளவில்.

நான் மெய்ப்பு பார்க்கிறவள்.
பதினாறு வருஷமாய் வேதம் முழுவதையும்
எண்ணாகவே வாசித்திருக்கிறேன்.
அதிகாரம், முக்காற்புள்ளி, வசனம்.
எண்ணுக்குப் பின்னால் யார் அழுகிறார்கள்,
யார் குழியில் கிடக்கிறார்கள் என்று
எட்டிப் பார்த்ததில்லை.
ஞாயிறு எனக்குத் துணி துவைக்கிற நாள்.

அக்டோபரில், மழை பிடித்த ஒரு முற்பகல்,
உசிலம்பட்டிக்கு அந்தப்புறமிருந்து ஒரு போன்.
"நரிமேட்டுக் காலண்டர் அடிச்சது நீங்கதானா?"
பெயர் ஞானாபரணம்.
வீட்டுக்காரர் போய் நாற்பத்தோரு நாள்.
விடிந்ததும் தாளைக் கிழித்து, அதில் சொன்ன இடத்தை எடுத்து
சத்தமாய் வாசிக்கிறாராம்,
வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டுமென்று.
"இன்னிக்கு ஆட்டு மயிர்ல பதினோரு திரைன்னு வருது.
முன்னாடி பின்னாடி எல்லாம் படிச்சுட்டேன்.
கொக்கி, காது, மொழம்.
பிசகாம்மா, இல்ல அப்படித்தானா?"

சிக்கந்தர் கோப்பைத் திறந்தான்.
சபை கொடுத்த தாளில் முப்பத்து மூன்றாம் அதிகாரம்.
நாங்கள் அடித்தது முப்பத்தாறு.
விசைப்பலகையின் எண் பக்கத்தில்
மூன்றுக்கு நேர் மேலே ஆறு.
ஒரு விரற்கடை தூரம்.

நாலாயிரத்து ஐந்நூறு பிரதி.
அத்தனை வீட்டிலும் இன்று காலை வெள்ளாட்டு மயிர்.
பாதிப்பேர் வாசித்து ஆமென் சொல்லியிருப்பார்கள்.
பாதிப்பேர் தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருப்பார்கள்.
கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"பிசகுதாம்மா" என்றேன். "மன்னிச்சிருங்க.
வரவேண்டியது வேற. ஆறுதலான வசனம்.
கூடவே வர்றதப் பத்தி..."
"சொல்லாத" என்றார்.
போனுக்குள் ஓர் ஆடு கத்தியது.
"அது வர்ற அன்னிக்கு வரட்டும்.
பதினோரு திரைன்னா பெரிய கூடாரந்தான், என்ன?
இங்க ஆடு கெடக்கு. நெய்யத்தான் ஆளில்ல."
வைத்துவிட்டார்.

அடுத்த வருஷக் கோப்பில் தேடினேன்.
அந்த வசனம் எந்த மாதத்திலும் இல்லை.
அதற்கடுத்த வருஷமும் வராது என்றார் சபை அலுவலகத்தில்;
மூன்று வருஷச் சுற்றாம்.
ஞானாபரணத்தின் வயதை நான் கேட்டிருக்கவில்லை.

"எங்கயாவது போட்டுரலாமா, அக்கா?"
பட்டியல் கமிட்டி போடுவது.
பிழையைத் திருத்தலாம், செய்யக் கூடாது,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
வில்லாபுரத்துக் கோப்பில் மட்டும்
எங்களையே நிரப்பச் சொல்லி ஏழு நாள் காலியாய்க் கிடந்தது.
அந்தக் காலண்டர் உசிலம்பட்டிப் பக்கம் போவதே இல்லை.

இருந்தும் போட்டோம், பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கு.
சிக்கந்தர் மூன்றை இரண்டு தடவை அழுத்தினான்.
இரண்டு தடவையும்
எட்டிப் பார்த்தேன்.